கையளித்த நாளா, கைசேர்ந்த நாளா: கெடு விதிகளை வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

சட்ட ஆணையங்களின் உறுப்பினர்களுக்கும், நீதிமன்ற நடைமுறை விதிகளை வகுக்கும் குழுவினருக்கும், தீர்ப்பாயங்களின் பதிவாளர்களுக்கும்,

வணக்கம்.

அஞ்சலில் போகும் எந்தத் தாளுக்கும் இரண்டு தேதிகள் உண்டு. அனுப்பியவரின் கையைவிட்டுப் போன தேதி ஒன்று. பெறவேண்டியவரின் கைக்குப் போய்ச் சேர்ந்த தேதி மற்றொன்று. இரண்டுக்கும் நடுவே ஒரு நாளும் கழியலாம், பத்து நாளும் கழியலாம். சில வேளைகளில் இரண்டாவது தேதி வராமலே போய்விடுவதும் உண்டு. ஒப்பந்தம் உண்டானதா இல்லையா, மேல்முறையீடு காலவரம்புக்குள் தாக்கலானதா, அறிவிப்பு முறைப்படி சார்பு செய்யப்பட்டதா, அதாவது உரியவரிடம் சேர்ப்பிக்கப்பட்டதா என்ற வழக்குகளை அலசிப் பார்த்தால், இந்த இரண்டு தேதிகளில் சட்டம் எதை எடுத்துக்கொள்கிறது என்ற ஒரே கேள்வியில் போய் நிற்பவை அவற்றில் ஏராளம்.

இந்தக் கேள்விக்கு நீங்கள் வகுக்கும் விதிகள் தரும் விடை ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்பதே என் முறையீடு. அலுவலகம் அனுப்பும் தாள், அஞ்சலில் சேர்த்த அன்றே, அல்லது அதிலிருந்து இத்தனையாவது நாளில், உரியவருக்குக் கிடைத்துவிட்டதாகக் கருதப்படுகிறது. அதே அலுவலகத்துக்குத் தனிமனிதர் அனுப்பும் தாளோ, அங்கே வரவு முத்திரை விழுந்த பிறகுதான் கணக்கில் ஏறுகிறது. ஆக, வழியில் கழியும் நாட்கள் போகும்போதும் வரும்போதும் ஒரே ஆளின் கணக்கிலிருந்தே கழிக்கப்படுகின்றன. அந்த ஆள் பெரும்பாலும் வழக்கறிஞர் இல்லாதவர், தொலைவில் இருப்பவர், நேரில் வந்து மனுவை நீட்ட வசதியற்றவர்.

இது ஏன் நியாயமன்று என்பதைச் சொல்ல, ஒப்பந்தச் சட்டம் இதே சிக்கலை எப்படித் தீர்த்தது என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. 1817 செப்டம்பர் 2 அன்று இங்கிலாந்தில் கம்பளி வணிகர் சிலர், இன்ன விலைக்கு இவ்வளவு கம்பளி தருகிறோம், மறு அஞ்சலில் பதில் வேண்டும் என்று வேறோர் ஊரில் இருந்தவர்களுக்கு எழுதினார்கள். முகவரியில் மாவட்டத்தின் பெயரைத் தவறாக எழுதிவிட்டதால் கடிதம் சுற்றி வளைத்து 5-ஆம் தேதி மாலைதான் போய்ச் சேர்ந்தது. பெற்றவர்கள் அன்று மாலையே ஏற்புக் கடிதத்தை அஞ்சலில் சேர்த்தார்கள். அது 9-ஆம் தேதி வந்தது. ஆனால் 7-ஆம் தேதிக்குள் பதில் வரும் என்று காத்திருந்த வணிகர்கள், வராததைக் கண்டு, 8-ஆம் தேதியே கம்பளியை வேறொருவருக்கு விற்றுவிட்டிருந்தார்கள். ஆடம்ஸ் எதிர் லிண்ட்செல் என்று இன்றும் சட்ட மாணவர்கள் முதல் ஆண்டிலேயே படிக்கும் இந்த வழக்கில், 1818-இல் மன்னரின் அமர்வு நீதிமன்றம் ஒப்பந்தம் உண்டாகிவிட்டது என்று தீர்ப்பளித்தது. ஏற்பு கிடைத்தது என்ற செய்தி வந்தால்தான் ஒப்பந்தம் என்றால், அந்தச் செய்தி கிடைத்தது என்பதற்கு ஒரு செய்தி, அதற்கும் ஒரு செய்தி என்று முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருக்கும் என்பது நீதிபதிகள் கூறிய காரணம். இந்தத் தர்க்கம் முழுதும் உறுதியானது என்று நான் சொல்லமாட்டேன். வந்து சேர்ந்தால் போதும் என்று ஓர் இடத்தில் கோடு போட்டிருந்தாலும் சங்கிலி அறுந்திருக்கும். ஆனால் தீர்ப்பின் அடியில் வேறொரு நியாயம் இருந்தது: தாமதத்துக்குக் காரணம் முகவரியைத் தவறாக எழுதியவர்கள், கேட்ட பொழுதிலேயே பதில் எழுதியவர்கள் தலையில் அந்த நட்டத்தைக் கட்ட முடியாது.

அனுப்பியவுடன் ஏற்பு நிறைவுபெறும் என்ற இந்த அஞ்சல் விதி அதன் கடைசி எல்லை வரை இழுக்கப்பட்டது 1879-இல். ஒருவர் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் 100 பங்குகள் கேட்டு விண்ணப்பித்தார். ஒதுக்கீட்டுக் கடிதம் அஞ்சலில் சேர்க்கப்பட்டது. அவருக்கு அது வரவே இல்லை. நிறுவனம் நொடித்துப்போனபோது, நீரும் பங்குதாரர்தான், பணம் கட்டும் என்று கேட்டார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் பெரும்பான்மை அதை ஏற்றது. நீதிபதி பிராம்வெல் மட்டும் மாறுபட்டார். வந்து சேராத கடிதம் எழுதப்படாத கடிதத்தைப் போன்றதே என்பது அவருடைய நிலை. தனிப்பட்ட முறையில் எனக்குப் பிராம்வெல் பக்கமே மனம் சாய்கிறது. ஆனால் பெரும்பான்மைத் தீர்ப்பில் உள்ள ஒரு வரிச் சிந்தனையை ஒதுக்கிவிட முடியாது: இந்த விதி பிடிக்காத முன்மொழிவாளர் (ஒப்பந்தத்துக்கு முதலில் அழைப்பவர்), பதில் என் கைக்கு வந்தால்தான் ஒப்பந்தம் என்று தன் கடிதத்திலேயே எழுதிவிடலாமே என்பது அது. 1974-இல் ஹோல்வெல் செக்யூரிட்டீஸ் எதிர் ஹியூஸ் வழக்கில் அப்படித்தான் ஆயிற்று. சொத்தை வாங்கும் உரிமையைப் பயன்படுத்த விரும்பினால் அதன் உரிமையாளருக்கு எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும் என்று ஆவணத்தில் இருந்தது. அறிவிப்பு அஞ்சலில் தொலைந்தது. அறிவிக்கவில்லை என்றே நீதிமன்றம் கொண்டது.

அஞ்சல் விதியின் நியாயம் முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது. அது மாற்றிக்கொள்ளக்கூடிய விதி. ஆபத்தை யார் தலையில் வைப்பது என்பதை முடிவு செய்யும் வாய்ப்பு முன்மொழிவாளருக்கு இருந்தும் அவர் பேசாமல் இருந்தார் என்றால், அந்த ஆபத்தை அவரே சுமக்கட்டும் என்று சட்டம் சொல்கிறது. வாய்ப்பு எவரிடமோ, சுமையும் அவரிடமே.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதை இன்னும் நுட்பமாகப் பிரித்தது. அதன் 4-ஆம் பிரிவின்படி, ஏற்பவர் தன் கட்டுப்பாட்டை மீறிப் போகும்படி ஏற்பை அனுப்பியவுடன் முன்மொழிந்தவர் கட்டுப்படுகிறார். ஏற்பவரோ, அது முன்மொழிந்தவரின் அறிவுக்கு எட்டும்போதுதான் கட்டுப்படுகிறார். இடைப்பட்ட நாட்களில், கடிதத்தை முந்திக்கொண்டு போகும் வேறு செய்தி மூலம் ஏற்பவர் மனம் மாறலாம் என்று 5-ஆம் பிரிவு இடம் தருகிறது. சட்டத்தின் எடுத்துக்காட்டுகள் அதற்குத் தந்தியைச் சொல்கின்றன. அந்தத் தந்தி 2013-இல் மூடப்பட்டுவிட்டது, எடுத்துக்காட்டு மட்டும் இருக்கிறது.

1980-இல் வியன்னாவில் உருவான பன்னாட்டுச் சரக்கு விற்பனை ஒப்பந்த உடன்படிக்கை மறுபக்கம் நின்றது. அதன் 18-ஆம் உறுப்பின்படி ஏற்பு வந்து சேரும்போதே செல்லும். ஆனால் அதை எழுதியவர்கள் அனுப்பியவரைக் கைவிட்டுவிடவில்லை. ஏற்பு அனுப்பப்பட்ட பிறகு முன்மொழிவைத் திரும்பப் பெற முடியாது என்று 16-ஆம் உறுப்பு கூறுகிறது. இயல்பான அஞ்சலில் உரிய காலத்தில் வந்திருக்கவேண்டிய ஏற்பு தாமதமாக வந்தது என்று கடிதத்தைப் பார்த்தாலே தெரியுமானால், முன்மொழிந்தவர் உடனே மறுப்புத் தெரிவிக்காதவரை அந்த ஏற்பு செல்லும் என்று 21-ஆம் உறுப்பு கூறுகிறது. எந்தத் தேதியைத் தேர்ந்தாலும் இடைவெளியின் சுமையை நியாயமாகப் பகிர்ந்துவைக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. தொலைபேசி, டெலக்ஸ் போன்ற உடனடித் தொடர்புகளுக்கு நீதிமன்றங்கள் 1955-இலேயே சேர்ந்த தேதியைத் தேர்ந்துவிட்டன. அங்கே இடைவெளியே இல்லாததால் சிக்கலும் அதிகமில்லை.

இப்போது உங்கள் களத்துக்கு வருகிறேன். நீதிமன்றத்திலோ தீர்ப்பாயத்திலோ மனு தாக்கல் செய்பவர், விதியை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு உள்ளவர் அல்லர். கெடுவைக் குறிப்பவர்கள் நீங்கள். எந்தத் தேதி எடுக்கப்படும் என்று எழுதுபவர்கள் நீங்கள். வரவு முத்திரையும் உங்கள் மேசையில்தான் இருக்கிறது. ஒப்பந்தச் சட்டத்தின் நியாயத்தை இங்கே பொருத்தினால், வழியில் நேரும் தாமதத்தின் சுமையில் ஒரு பங்கையாவது நீங்கள் ஏற்க வேண்டும். நடப்பதோ வேறு.

அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் உரிமையியல் நடைமுறை விதிகளில் 5-ஆம் விதியை எடுத்துப் பாருங்கள். எதிர்த்தரப்பின் கடைசியாகத் தெரிந்த முகவரிக்கு அஞ்சலில் சேர்த்தவுடனே சார்பு செய்தல் நிறைவுபெறுகிறது என்று அது கூறுகிறது. அதே விதியின் இன்னொரு பிரிவில், தாளாகத் தாக்கல் செய்யப்படும் ஆவணம் நீதிமன்ற எழுத்தரிடம் சேர்ப்பிக்கப்பட வேண்டும் என்று இருக்கிறது. ஒரே விதிக்குள் இரண்டு கடிகாரங்கள். அஞ்சலில் சார்பு செய்யப்பட்டவருக்குப் பதில் தர மூன்று நாள் கூடுதலாக 6-ஆம் விதி தருவது ஓரளவு ஈடுசெய்கிறது; நீதிமன்றத்துக்கு அஞ்சலில் அனுப்புபவருக்கு அந்த மூன்று நாளும் இல்லை. அந்நாட்டின் மேல்முறையீட்டு விதிகளில், எழுத்துமூல வாதவுரையைக் கடைசி நாளில் அஞ்சலில் சேர்த்தாலே போதும். ஆனால் அந்த வாதவுரைக்கு வழிதிறக்கும் மேல்முறையீட்டு அறிவிப்பு கெடுவுக்குள் எழுத்தர் கையில் சேர்ந்தாக வேண்டும். சட்டம் படித்தவர்களே இடறும் இடம் இது.

இங்கிலாந்திலும் இதே நிலைதான். தாக்கல் என்பது நீதிமன்ற அலுவலகத்தில் சேர்ப்பிப்பது என்று அங்குள்ள உரிமையியல் நடைமுறை விதிகள் வரையறுக்கின்றன. ஆனால் எதிர்வாதிக்கு முதல் வகுப்பு அஞ்சலில் அனுப்பப்படும் கோரிக்கைப் படிவம், அதன்பின் வரும் இரண்டாவது வேலைநாளில் சார்பு செய்யப்பட்டதாகவே கொள்ளப்படும். கடிதம் உண்மையில் எப்போது வந்தது என்று நிரூபித்து அந்தக் கற்பிதத்தை உடைக்க முடியாது என்று 2002-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிவிட்டது. உண்மையைச் சொல்லி நிரூபித்தாலும் பயனில்லை என்று ஒரு நீதிமன்றம் சொல்ல நேர்ந்ததற்கு, நிச்சயத்தன்மை வேண்டும் என்ற காரணம் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. அந்த நிச்சயத்தன்மை ஏன் எப்போதும் ஒரே திசையில் வாங்கப்படுகிறது என்றே கேட்கிறேன்.

இந்தியாவின் 1897-ஆம் ஆண்டுப் பொதுச் சொற்கூறுகள் சட்டத்தின் 27-ஆம் பிரிவு இவற்றைவிடக் கருணையானது. சரியான முகவரியிட்டுப் பதிவஞ்சலில் அனுப்பிய அறிவிப்பு, இயல்பான அஞ்சலில் எப்போது சேருமோ அப்போது சேர்ந்ததாகக் கருதப்படும். எதிராக நிரூபிக்கவும் இடமுண்டு. நல்லது. ஆனால் இந்த ஊகத்தைத் தனிமனிதர் தன் மனுவுக்குக் கேட்டால் கிடைக்காது. வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் 1963-ஆம் ஆண்டு விதிகள், அஞ்சலில் வரும் மேல்முறையீடு அலுவலகத்தில் பெறப்பட்ட நாளில்தான் அளிக்கப்பட்டதாகும் என்று தெளிவாகவே கூறுகின்றன. தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு போடலாமே என்பார்கள். போடலாம்தான். ஆனால் அது உரிமை ஆகாது. மன்னிப்பது நீதிபதியின் விருப்புரிமை. சில சட்டங்களில் அந்தக் கதவுக்கும் கெடு உண்டு: 1996-ஆம் ஆண்டின் நடுவர் தீர்ப்புச் சட்டத்தில், தீர்ப்பை ரத்துசெய்யக் கோருவதற்கான மூன்று மாதமும் அதன்மேல் முப்பது நாளும் கழிந்துவிட்டால், எவ்வளவு நல்ல காரணம் இருந்தாலும் நீதிமன்றம் மனுவைத் தொட முடியாது. குற்றம் செய்யாதவரை மன்னிப்புக் கேட்க வைப்பது, அதையும் நாள் பார்த்துக் கேட்க வைப்பது, விதியில் உள்ள குறைக்கு மருந்தாகாது.

வேறு வழி இருக்கிறது என்பதை நீதிமன்றங்களே காட்டியிருக்கின்றன. 1988-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த ஹியூஸ்டன் எதிர் லேக் வழக்கில், வழக்கறிஞர் இல்லாத சிறைவாசி ஒருவர் தன் மேல்முறையீட்டு அறிவிப்பைத் தீர்ப்பு வந்த 27-ஆம் நாள் சிறை அதிகாரிகளிடம் கொடுத்தார். கெடு 30 நாள். நீதிமன்றத்தில் முத்திரை விழுந்தது 31-ஆம் நாள். ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், சிறை அதிகாரியிடம் கையளித்த நாளே தாக்கல் நாள் என்று தீர்ப்பாயிற்று. அவர் கதவைத் திறந்துகொண்டு நீதிமன்றத்துக்கு நடந்து போக முடியாது. கடிதம் எங்கே நிற்கிறது என்று விசாரிக்க முடியாது. கையைவிட்டுப் போன பிறகு அவரால் செய்யக்கூடியது எதுவுமில்லை. சிறையின் அஞ்சல் பதிவேட்டில் தேதி இருப்பதால் மெய்ப்பிப்பதும் எளிது. இந்தக் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கும், விடுப்புக் கிடைக்காத கூலித் தொழிலாளிக்கும், கடல் கடந்து வேலை பார்ப்பவருக்கும் அவை எவ்வளவு பொருந்துகின்றன என்பது தெரியும். கம்பிகளுக்குள் இருந்தால்தான் அந்த நியாயம் கிடைக்குமா?

பிரான்சின் உயர் நிர்வாக நீதிமன்றமான கவுன்சில் ஆஃப் ஸ்டேட் 2024 மே 13 அன்று அளித்த தீர்ப்பு அந்தக் கேள்விக்கு நேரான விடை. நிர்வாக நீதிமன்றங்களுக்கு அஞ்சலில் அனுப்பப்படும் மனுக்கள் சேர்ந்த நாளை வைத்தே அதுவரை கணக்கிடப்பட்டு வந்தன. வேறு விதி இல்லாத இடத்தில் இனி அனுப்பிய நாளே எடுக்கப்படும், அஞ்சல் முத்திரையே சான்று என்று அது தன் பழைய நிலையை மாற்றிக்கொண்டது. அமெரிக்க வரிச் சட்டத்தின் 7502-ஆம் பிரிவு பல ஆண்டுகளாகவே இப்படித்தான்: கெடு நாளுக்குள் முத்திரை விழுந்த படிவம் பின்னர் வந்து சேர்ந்தாலும், முத்திரை நாளிலேயே தரப்பட்டதாகும். அரசின் வரிக் கருவூலமே தாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை நீதிமன்றப் பதிவகம் தாங்காது என்பதை நம்புவது கடினம்.

உங்கள் பக்கத்து மறுப்புகளில் எடையுள்ளது ஒன்று இருக்கிறது. வழக்கில் வென்றவர், கெடு முடிந்த மறுநாள் தீர்ப்பு இறுதியாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள விரும்புவார். அனுப்பிய நாளே போதும் என்றால், எங்கோ ஒரு அஞ்சல் பையில் மேல்முறையீடு கிடக்கிறதோ என்று அவர் எத்தனை நாள் காத்திருப்பது? இது நியாயமான கவலை. அதற்கு விடை, காத்திருப்புக்கும் ஒரு வரம்பு கட்டுவது. கெடுவுக்குள் அனுப்பியிருக்க வேண்டும், கெடு கழிந்து குறித்த சில நாட்களுக்குள் வந்தும் சேர்ந்திருக்க வேண்டும் என்று விதி எழுதலாம். அதன்பிறகு தீர்ப்பு இறுதி. தொலைந்துபோன கடிதத்துக்குப் பதிவு ரசீதும், மறுபடி அனுப்பிய நகலும் வைத்திருப்பவருக்கு மட்டும் விலக்குத் தரலாம். முந்தைய தேதியைப் போட்டு ஏமாற்றுவார்கள் என்ற அச்சத்துக்கும் வழியுண்டு: அலுவலகங்கள் தாமே பொறித்துக்கொள்ளும் அஞ்சல் கட்டண இயந்திரத்தின் தேதியை ஏற்க வேண்டாம், அஞ்சலக முகப்பில் விழும் முத்திரையையும் ரசீதையும் மட்டும் ஏற்கலாம்.

சான்று என்று வரும்போது, விதிநூல்களில் எங்கும் இல்லாத, ஆனால் வழக்குகளைத் தோற்கடிக்கும் ஒரு சின்ன நடைமுறையைச் சொல்லியாக வேண்டும். தபால் பிரிவில் காலையில் பை வருகிறது. ஒருவர் உறைகளின் ஓரத்தைக் கிழித்து உள்ளிருக்கும் தாள்களை எடுத்து அடுக்குகிறார். இன்னொருவர் ஒவ்வொன்றின் முதல் பக்க மூலையிலும் வரவு முத்திரையை இறக்கி, பதிவேட்டில் எண் போடுகிறார். பை பெரிதாக இருந்தால் மிச்சம் மறுநாள் முத்திரை வாங்கும். நடுவே விடுமுறை வந்தால் அதற்கும் மறுநாள். கிழித்த உறைகள் மேசைக்கடியில் உள்ள கூடைக்குப் போகின்றன. அனுப்பிய தேதியைத் தாங்கியிருந்த ஒரே பொருள் அந்த உறைதான். மனுதாரர் தன் ரசீதைத் தொலைத்துவிட்டால், அவர் சொல்வது உண்மையா என்று பார்க்க இனி வழியே இல்லை. அந்த உறையை மனுவின் பின்னால் வைத்துத் தைத்துவிடச் சொல்வதற்குச் சட்டத் திருத்தம்கூட வேண்டாம். ஒரு சுற்றறிக்கை போதும்.

உறையின் முத்திரையை மட்டும் நம்பியிருப்பதும் இனி முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அமெரிக்க அஞ்சல் துறை, உறையில் விழும் இயந்திர முத்திரையின் தேதி, துறை அந்த உறையைப் பெற்றுக்கொண்ட தேதியாகவே இருக்கும் என்று கொள்ள வேண்டாம் என 2025 இறுதியில் தன் விதிநூலிலேயே எழுதிச் சேர்த்தது. உறைகள் தொலைவிலுள்ள பிரிப்பு மையத்துக்குப் போன பிறகுதான் முத்திரை பெறுகின்றன என்பது காரணம். அன்றைய தேதியே வேண்டுமென்றால் முகப்பில் கேட்டுக் கையால் முத்திரை பதித்து வாங்க வேண்டும். டென்மார்க்கில் தேசிய அஞ்சல் நிறுவனம் 2025 முடிவோடு கடிதம் வழங்குவதையே நிறுத்திவிட்டது. ஜெர்மனி, கடிதங்கள் சேரும் காலம் நீண்டதைக் கண்டு, அரசாணைகள் அஞ்சலிட்ட மூன்றாம் நாளில் கிடைத்ததாகக் கருதும் விதியை 2025 ஜனவரி 1 முதல் நான்காம் நாள் என்று மாற்றியது. அஞ்சலின் வேகம் மாறும்போது கற்பித நாளும் மாறவேண்டும் என்று நாடாளுமன்றம் ஒன்று ஒப்புக்கொண்டதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. உங்கள் விதிகளில் உள்ள இரண்டு நாளும் மூன்று நாளும் எந்தக் காலத்து அஞ்சல் வேகத்தை வைத்து எழுதப்பட்டவை என்று ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

இதே சாய்வு தனியார் ஒப்பந்தங்களிலும் புகுந்துவிட்டது. சட்ட ஆணையங்கள் அதையும் கவனிக்க வேண்டும். கடன் பத்திரம், காப்பீட்டு ஆவணம், வாடகை உடன்படிக்கை என்று அச்சிட்டு நீட்டப்படும் எதையும் அதன் கடைசிப் பக்கத்தில் அறிவிப்புகள் என்ற தலைப்பில் படித்துப் பாருங்கள். நிறுவனம் அனுப்பும் அறிவிப்பு, அஞ்சலிட்டு இத்தனை மணி நேரத்தில் கிடைத்ததாகக் கருதப்படும். வாடிக்கையாளர் அனுப்பும் அறிவிப்பு, நிறுவனம் உண்மையில் பெற்றால் மட்டுமே செல்லும் என்று இருப்பதை அடிக்கடி காணலாம். பேரம் பேசிக் கையெழுத்திட்ட இரண்டு வணிகர்களுக்கு இடையே இது அவர்கள் பாடு. கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் பென்சிலால் குறித்துத் தரப்பட்டவருக்கு எதிராக இது செல்லக் கூடாது. ஜெர்மன் உரிமையியல் சட்டத் தொகுப்பின் 308-ஆம் பிரிவு, முன்கூட்டி அச்சிட்ட நிபந்தனைகளில், நிறுவனத்தின் முக்கியமான அறிவிப்பு வாடிக்கையாளருக்குக் கிடைத்ததாகவே கருதப்படும் என்று எழுதுவதைச் செல்லாததாக்கியிருக்கிறது. அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

மின்னணுத் தாக்கல் வந்துவிட்டதே, இந்தப் பழைய சண்டை எதற்கு என்று கேட்பீர்களானால், சண்டை இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. கடைசி நாள் இரவு இணையதளம் திணறுகிறது. மனுதாரர் பொத்தானை அழுத்திவிட்டார். கோப்பு ஏறிக்கொண்டே இருக்கிறது. ஒப்புகை எண் நள்ளிரவுக்குப் பிறகு வருகிறது. அனுப்பிய நேரமா, இணையதளத்தின் வழங்கிக் கணினி பெற்றுக்கொண்ட நேரமா, பதிவக ஊழியர் மறுநாள் காலை பார்த்து ஏற்ற நேரமா? இந்தியாவின் 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, அனுப்புபவரின் கட்டுப்பாட்டுக்கு வெளியே உள்ள கணினி அமைப்புக்குள் நுழையும் கணத்தை அனுப்பிய கணமாகவும், பெறுபவர் குறித்துத் தந்த அமைப்புக்குள் நுழையும் கணத்தைப் பெற்ற கணமாகவும் வரையறுக்கிறது. வரையறை தெளிவு; எந்தக் கணம் தாக்கலுக்கு எடுக்கப்படும் என்பதைத் தாக்கல் விதிதான் சொல்ல வேண்டும், பல இடங்களில் அது வாய் திறப்பதில்லை. பதிவக ஊழியர் குறை கண்டு திருப்பி அனுப்பிய மனு, குறை நீக்கி மறுபடி ஏறும்போது முதல் தேதியைப் பெறுமா என்பதிலும் இதே மௌனம்.

ஆகவே உங்களிடம் கேட்பது இவை. தனிமனிதர் அனுப்பும் தாளுக்கும் அவருக்கு அனுப்பப்படும் தாளுக்கும் ஒரே அளவுகோல் வையுங்கள்: அலுவலகத்தின் தாள் அனுப்பிய நாளில் செல்லுமானால் அவருடைய தாளும் அன்றே செல்லட்டும், அவருடைய தாள் சேர்ந்தால்தான் செல்லும் என்றால் உங்கள் அறிவிப்பும் சேர்ந்த பிறகே கெடுவை ஓடவிடட்டும். இதில் எது என்றாலும் எனக்குச் சம்மதம், முதலாவதே நல்லது என்று நினைத்தாலும். கற்பிதமாகக் கருதும் நாளை மறுத்து நிரூபிக்கும் உரிமையை எல்லாருக்கும் திறந்துவையுங்கள். கெடு விதிக்கும் ஒவ்வோர் உத்தரவின் அடியிலும், கெடுவின் கடைசித் தேதி இது, அன்றைக்குள் அனுப்பினால் போதும், அல்லது அன்றைக்குள் எங்களிடம் சேர வேண்டும் என்று ஒரே வரியில், தேதியை இலக்கத்தில் எழுதி, அச்சிடச் செய்யுங்கள். நாட்களை எண்ணும் வேலையை, விதிநூல் கையில் இல்லாதவரிடம் விடாதீர்கள். முகப்பில் வாங்கிய அஞ்சல் ரசீதும் இணையதளம் பொத்தானை அழுத்திய நொடியில் தரும் ஒப்புகையும் போதிய சான்று என்று விதியிலேயே எழுதுங்கள்.

விதித் திருத்தத்துக்குக் குழு கூட வேண்டும், வரைவு சுற்றுக்குப் போக வேண்டும், ஆட்சேபங்கள் கேட்க வேண்டும் என்பது தெரியும். அதற்குக் காலம் பிடிக்கும். உத்தரவின் அடியில் அந்த ஒரு வரியையும், மனுவோடு தைக்கப்படும் அந்த உறையையும் பதிவாளர்கள் தம் அதிகாரத்திலேயே இப்போதே கொண்டுவர முடியும். அவற்றை முதலில் செய்யுமாறும், மற்றவற்றை அடுத்த கூட்டத்தின் பொருள் நிரலில் சேர்க்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அஞ்சலில் மனு அனுப்புவோரில் ஒருவர்